‘இயற்கையா, இரசாயனமா?’ என்னும் பொய்வினா

கழக்கூட்டம் சந்திப்பிலிருந்து காரியவட்டம் நோக்கிச் செல்லும் பகுதியில் வளம் டிப்போ எதனுள்ளும் நுழைந்து பார்க்கலாம். (மலையாளத்தில் எருவுக்கும் உரத்துக்கும் ‘வளம்’ என்பதே பொதுச்சொல். தமிழில் விளைவைக் குறிக்கும் சொல், அங்கே விளைவைத் தரும் பொருளைக் குறிக்கிறது.) ஒருபுறம் உலர்ந்த சாணப்பொடி, வேப்பம்பிண்ணாக்கு, எலும்புப்பொடி, மண்புழு உரம். மறுபுறம் யூரியா, பொட்டாஷ், ஃபாக்டம்பாஸ். டெக்னோபார்க்கில் பணிபுரிந்துவிட்டு மாலையில் மொட்டைமாடித் தோட்டத்துக்கு மண்கலவை வாங்க வருவோர் முதற்பக்கத்தோடு நின்றுவிடுகின்றனர். மறுபக்கத்து மூட்டைகள் நஞ்சு என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பையின் மீது ‘கெமிக்கல் இல்லாதது’ என்று அச்சிட்டிருந்தால் விலை இருமடங்கானாலும் கேள்வி எழுவதில்லை.

கடைவீதியில் இந்தப் பிரிவினை பெரிய கேடு எதனையும் செய்துவிடாது. இரண்டு கத்தரிச்செடி சற்றே மெலிந்து போகும், அவ்வளவே. ஆனால் இதே பிரிவினை கருத்தரங்க மேடையிலும் ஆய்வேட்டிலும் அறிவின் உடையணிந்து வரும்போது அதனை அப்படி விட்டுவிட இயலாது. ‘இலக்கியத்தில் சூழலியல்’ என்னும் பொருளில் இன்று எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பத்தி மாறாமல் இடம்பெறுகிறது: முன்னோர் இயற்கை எருவிட்டு மண்ணைக் காத்தனர், வெள்ளையர் கொண்டுவந்த இரசாயன உரம் மண்ணைக் கொன்றது, மீண்டும் எருவுக்குத் திரும்புதலே தீர்வு. சான்று கேட்டால் குறளின் எண் ஒன்று அடிக்குறிப்பில் இருக்கும். உரத்தில் என்ன இருக்கிறது, பயிர் அதனை என்ன செய்கிறது என்ற இரண்டு வினாக்களுக்கும் அக்கட்டுரைகளில் ஒரு வரிகூட இராது. ஒரு பொருளில் என்ன உள்ளது என்றே அறியாமல் அதன்மீது அறத்தீர்ப்பு வழங்குவதை ஆய்வு என்று எவ்வாறு கொள்வது?

முதல் வினாவிலிருந்தே தொடங்கலாம். தாவரம் வாழ்வதற்கு இன்றியமையாதவை எனத் தாவர உடலியலார் ஏற்றுக்கொண்ட தனிமங்கள் 17. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைத்துவிடுகின்றன. எஞ்சிய 14-ஐயும் வேர் மண்ணிலிருந்து பெற வேண்டும். அவற்றுள் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவை மிகுதியாகத் தேவைப்படுவன; கால்சியம், மக்னீசியம், கந்தகம் அடுத்த நிலையின. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய எட்டும் மிகச் சிறிய அளவில் போதுமானவை. அளவு சிறிதென்பதால் அவற்றின் இன்றியமையாமை குறைந்துவிடுவதில்லை. ஹெக்டேருக்கு ஓரிரு கிலோ போரான் இல்லாமற் போனால், நூறு கிலோ நைட்ரஜன் இட்டும் விளைச்சல் எழாது. செல்சுவரில் பெக்டின் இழைகளை இணைத்துக் கட்டுவது போரான். அந்தக் கட்டு இல்லாத இடத்தில் குருத்து கருகும், பூ உதிரும். எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலின் எல்லையை வகுக்கிறது என்பதை ஜெர்மானியர் கார்ல் ஸ்பிரெங்கல் 1828-இல் எடுத்துரைத்தார். யுஸ்டஸ் லீபிக் பின்னர் அதனைப் பரப்பினார். புகழ் லீபிக்கைச் சேர்ந்தது; ஆய்வுலகில் இது புதிதன்று.

வேர் இவற்றை எந்த வடிவில் உட்கொள்கிறது என்பதே இவ்விவாதத்தின் மையம். நைட்ரஜன், நைட்ரேட் அல்லது அம்மோனியம் அயனியாக நுழைகிறது. பாஸ்பரஸ், பாஸ்பேட் அயனியாக நுழைகிறது. பொட்டாசியம், பொட்டாசியம் அயனியாகவே நுழைகிறது. அமினோ அமிலங்களையும் வேர் சிறிதளவு உறிஞ்சக்கூடும். ஆயினும் விளைநிலத்துப் பயிரின் பெரும்பசியைத் தீர்ப்பவை இந்தக் கனிம அயனிகளே. சாணத்திலுள்ள புரதம் அப்படியே வேருக்குள் போவதில்லை. நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து அம்மோனியமாக்குகின்றன. வேறு நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குகின்றன. அதன் பின்னரே பயிர் உண்கிறது. யூரியாவும் மண்ணிலுள்ள யூரியேஸ் நொதியால் அம்மோனியமாகி, அதே வழியில் நைட்ரேட்டாகிறது. சாணத்திலிருந்து வந்த நைட்ரேட்டையும் மூட்டையிலிருந்து வந்த நைட்ரேட்டையும் வேறுபடுத்திக் காணும் உறுப்பு எந்த வேரிலும் இல்லை.

யூரியாவின் வரலாறே இந்தப் பிரிவினையைக் கேலி செய்வது போன்றது. 1773-இல் பிரெஞ்சு வேதியியலார் ரூயெல் அதனைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார். 1828-இல் ஃபிரெடரிக் வோலர் அதே பொருளை உயிரினம் எதன் துணையுமின்றி ஆய்வகத்தில் உண்டாக்கினார். உயிர்ப்பொருளுக்கும் உயிரற்ற பொருளுக்கும் இடையே கடக்கவியலாத சுவர் உண்டென்ற நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது. ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து, பஞ்சகவ்வியத்திலுள்ள கோமூத்திரத்தைப் போற்றும் அதே நாவு, அதன் நைட்ரஜனில் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கும் யூரியா மூட்டையில் வரும்போது நஞ்சென்கிறது.

இங்கே தமிழ்க் கலைச்சொற்களும் ஓரளவு குற்றமுடையன என்பதைத் தமிழ்த்துறையினரேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குத் தழைச்சத்து, பாஸ்பரஸுக்கு மணிச்சத்து, பொட்டாசியத்துக்குச் சாம்பல்சத்து. உழவரிடம் செய்தி கொண்டுசேர்க்க அவை பயன்பட்டன, அழகான சொற்களும்கூட. ஆயின் அவை ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓருறுப்பை ஒதுக்கிக் கொடுத்து மாணவரை மயக்குகின்றன. நைட்ரஜன் தழைக்கு மட்டும் உரியதன்று. பச்சையத்திலும், ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியிலும், நெல்மணியின் புரதத்திலும் அதுவே இருக்கிறது. பாஸ்பரஸ் மணிக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு செல்லிலும் ஆற்றலைக் கைமாற்றும் ஏ.டி.பி. மூலக்கூறிலும் மரபணுவின் முதுகெலும்பிலும் அது உண்டு. முளைக்கும் வேர்தான் அதன் குறையை முதலில் உணரும். மூன்றாவது பெயர் இன்னும் விந்தையானது. மற்ற இரண்டும் பயனால் பெயர் பெற, இது மட்டும் கிடைக்குமிடத்தால் பெயர் பெற்றது. பொட்டாசியம் தாவரத்தின் எந்தக் கட்டுமானப் பொருளிலும் சேர்வதில்லை. செல்லின் நீர்மத்தில் அயனியாகவே திரிந்து நொதிகளை இயக்குகிறது, இலைத்துளைகளைத் திறந்து மூடுகிறது, இலையில் உண்டான சர்க்கரையைக் கிழங்குக்கும் கனிக்கும் கடத்தத் துணைநிற்கிறது. சாம்பல் என்ற சொல்லைக் கேட்கும் மாணவர் இதில் எதனை ஊகிப்பார்?

அடுத்து அளவு. உரமூட்டையின் மேலுள்ள மூன்று எண்கள் முறையே நைட்ரஜன், பாஸ்பரஸ் பென்டாக்சைடு, பொட்டாசியம் ஆக்சைடு ஆகியவற்றின் எடை விழுக்காடு. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். வேறு சத்து இல்லை. ஃபாக்டம்பாஸ் என்பது 20:20:0, அதனோடு 13 விழுக்காடு கந்தகம். நன்கு மட்கிய தொழுவெருவில் நைட்ரஜன் ஏறத்தாழ அரை விழுக்காடு. உரக் கட்டுப்பாட்டு ஆணை மண்புழு உரத்துக்கு விதித்துள்ள குறைந்தபட்ச நைட்ரஜன் 1 விழுக்காடு. ஒரு ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் வேண்டுமெனில் யூரியா 217 கிலோ போதும். தொழுவெரு 20 டன் வேண்டும். அந்த 20 டன்னிலும் முதற்பருவத்தில் பயிருக்குக் கிட்டுவது ஒரு பகுதியே; எஞ்சியது பின்வரும் ஆண்டுகளில் மெல்ல அவிழும்.

இந்தக் கணக்கைச் சொன்னவுடன் எருவை இழிவுபடுத்துவதாகக் கூச்சல் எழும். உண்மை அதற்கு நேர்மாறானது. எருவின் பெருமை அதன் நைட்ரஜனில் இல்லை. அதன் மட்கில் இருக்கிறது. மட்கு நீரைப் பிடித்து வைக்கிறது, மண்துகள்களை ஒட்டவைத்துக் காற்றோட்டம் தருகிறது, பொட்டாசியம், மக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகளைக் கழுவிப்போகாமல் தாங்குகிறது, நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. யூரியாவால் இவற்றில் ஒன்றும் ஆகாது. இரண்டும் செய்யும் வேலை வேறு. ஒன்றை மற்றொன்றின் பகையாக நிறுத்துவோர் இரண்டையுமே அறியாதவர்.

குறளை அடிக்குறிப்பாக்குவோர் அதன் உழவு அதிகாரத்தையேனும் முழுதாகப் படித்திருக்கலாம். 1037-ஆம் குறள், ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் தேவையில்லை என்கிறது. அடுத்த குறளோ ஏரோட்டுவதினும் எருவிடுதல் நன்று என்கிறது. அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டும் முரண்போலத் தோன்றும். 1958-இல் கிழக்காப்பிரிக்க மண்ணை ஆராய்ந்த பிர்ச் என்பார், நன்கு உலர்ந்த மண் மீண்டும் நனையும்போது அதன் கரிமப்பொருள் விரைந்து சிதைந்து நைட்ரஜன் பெருமளவில் விடுபடுவதைக் காட்டினார். மண்ணியலார் அதனைப் பிர்ச் விளைவு என்றே வழங்குகின்றனர். புழுதி காய்ந்தால் எரு வேண்டாம் என்னும் கூற்றை இதனோடு ஒப்புநோக்க இடமுண்டு. ஆனால் விடுபடும் அந்த நைட்ரஜன் வானத்திலிருந்து வந்ததன்று. மண்ணின் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுவது. ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டேயிருந்தால் சேமிப்புக் கரையும். எங்கிருந்தேனும் திருப்பி இட்டாக வேண்டும். வள்ளுவர் வேதியியல் அறிந்திருந்தார் என்று இதற்குப் பொருளில்லை. அத்தகைய பெருமிதமும் இந்தக் கட்டுரைகளின் மற்றொரு நோய். உழுதவர் கண்ட அனுபவத்தை அவர் துல்லியமாகப் பதிந்தார் என்பதே போதுமான பெருமை. குறள் நிற்கும் இடம் வரவு செலவுக் கணக்கு. எருவுக்குப் புனிதம் கற்பித்தது பின்வந்தோர் வேலை.

நெடுங்காலச் சோதனைகள் என்ன சொல்கின்றன என்பதும் மறைபொருளன்று. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843-இல் தொடங்கிய பிராட்பாக் கோதுமை வயல் இன்றும் நடைபெறுகிறது. ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவெரு பெறும் பாத்தியும், கனிம உரம் மட்டுமே பெறும் பாத்தியும் மிக நீண்டகாலம் ஒத்த விளைச்சலைத் தந்தன. இரசாயனம் மண்ணைக் கொல்லும் என்ற கூற்று உண்மையாயின், 180 ஆண்டுகளில் அந்தப் பாத்தி எத்தனை முறை செத்திருக்க வேண்டும்? அதே வேளையில், எருவிட்ட மண்ணின் கரிமச்சத்து மற்றதைக் காட்டிலும் இருமடங்குக்கும் மேல் உயர்ந்தது. எருப்பாத்தியிலிருந்து நிலத்தடிக்குக் கசிந்த நைட்ரேட்டும் மிகுதியாக இருந்தது. பயிரில்லாத மழைக்காலத்திலும் எரு சிதைந்துகொண்டேயிருப்பதுதான் காரணம். ‘இயற்கை’யும் நிலத்தடி நீரைக் கெடுக்கக்கூடும் என்பதை அந்த வயல் காட்டியது.

அதற்குச் சான்றுதேடி இங்கிலாந்து வரை போகவும் வேண்டியதில்லை. கழக்கூட்டத்துக்குத் தெற்கே ஆக்குளம்-வேளிக் காயலில் ஆகாயத்தாமரை மண்டிக்கிடப்பதைப் பார்த்தாலே போதும். நகரத்தின் கழிவுநீரோடு வந்து சேரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதற்கு விருந்து. மனிதக் கழிவைக் காட்டிலும் ‘ஆர்கானிக்’ வேறென்ன இருக்கிறது?

கோவையில் 1909-இல் தொடங்கிய நிலையான உரச்சோதனை இந்தியாவின் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1970-களில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் அத்தகைய வயல்களை அமைத்தது. அவற்றின் முடிவு ஏறக்குறைய ஒரே குரலில் இருக்கிறது. நைட்ரஜன் மட்டும் இட்ட பாத்திகள், குறிப்பாக அமிலத்தன்மை மிக்க மண்ணில், ஆண்டுக்காண்டு வீழ்ந்தன. சமநிலையான கனிம உரத்தோடு தொழுவெருவும் பெற்ற பாத்திகளே உயர்ந்த விளைச்சலை நிலைநிறுத்தின. இரு கட்சியாருக்கும் இந்த முடிவு உவப்பானதன்று. ஆகவே இரு கட்சியாரும் இதனை மேற்கோள் காட்டுவதில்லை.

காரியவட்டத்திலிருந்து பாங்கப்பாறை வழியாகச் சில கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீகாரியத்தில், 1963-இல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மரச்சீனியை ஆண்டுதோறும் ஒரே நிலத்தில் நட்டு, உரத்தின் நெடுங்கால விளைவை அங்கே பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். மரச்சீனி பற்றிய உர ஆய்வுகளில் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நைட்ரஜன் மிகுந்து பொட்டாசியம் குறைந்தால் கிழங்கில் சயனைடு தரும் பொருள்கள் பெருகும், கசப்பு ஏறும். பொட்டாசியம் போதிய அளவு இருந்தால் அவை குறையும். கிழங்கில் நஞ்சைக் கூட்டுவதும் குறைப்பதும் சத்துகளின் விகிதமே. பொட்டாசியம் அடுப்புச் சாம்பலிலிருந்து வந்ததா, இறக்குமதியான மூட்டையிலிருந்து வந்ததா என்பது அங்கே பொருட்டன்று. பல்கலைக்கழக வளாகத்துக்கு இவ்வளவு அருகிலுள்ள நிலையத்தின் முடிவுகள், சூழலியல் பேசும் இலக்கிய ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் ஏன் இடம்பெறுவதில்லை?

கேரளத்தில் உரத்தின்மீது இவ்வளவு வெறுப்பு ஏன் என்று கேட்பார்க்கு ஒரு நேரிய விடை உண்டு, அது காசர்கோடு. அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வானூர்தியிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபான், அவ்வூர் மக்களின் வாழ்வில் விட்டுச்சென்ற துயரம் இன்றும் ஆறவில்லை. 2011-இல் உச்சநீதிமன்றம் அதற்குத் தடைவிதித்தது. அந்தத் துயரத்தின் முன் எவரும் தலைகுனியவே வேண்டும். ஆயினும் எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லி. உயிரைக் கொல்லவே வடிவமைக்கப்பட்டது. பொட்டாசியம் குளோரைடு அத்தகையதன்று. இரண்டையும் ‘விஷம்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது பாதிக்கப்பட்டோருக்கு எந்த நீதியும் செய்வதில்லை. அது எண்டோசல்ஃபானின் தனிக்குற்றத்தைப் பொதுக்குற்றமாகக் கரைத்து, குற்றவாளியைக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கிறது. நம்மாழ்வார் போன்றோர் தமிழகத்தில் எழுப்பிய வினாவுக்கும் இதுவே நேர்ந்தது. உழவர் விதைக்கும் உரத்துக்கும் கடன்பட்டுச் சந்தையின் கைப்பொருளாவது ஏன் என்பது கூர்மையான அரசியல் வினா. அதனை வேதியியல் வினாவாக மாற்றிக்கொண்டவுடன் அரசியல் கழன்றுவிட்டது, எஞ்சியது வணிகமுத்திரை.

சொல்லில் தொடங்கும் மயக்கம் வயிற்றில் முடிந்த வரலாறு தமிழருக்கு மிக அண்மையது. இலங்கையில் 2019 குடியரசுத் தலைவர் தேர்தலின்போது கோத்தபய ராஜபக்சவின் கொள்கை அறிக்கை, பத்து ஆண்டுகளில் இயற்கை வேளாண்மைக்கு மாறுவதாக வாக்களித்தது. 2021 மே மாதம் 6-ஆம் நாள் வெளியான வர்த்தமானி, அந்தப் பத்து ஆண்டுகளை ஒரே நாளாகச் சுருக்கி இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. அந்நியச் செலாவணி வறட்சி பின்னணியில் இருந்தது எவருக்கும் தெரியும். ஆனால் சொல்லப்பட்ட காரணம் மக்களின் நலம், நஞ்சில்லா உணவு. பாராட்டியவர்களில் கற்றோரும் இருந்தனர்.

அவர்களுள் ஒருவரேனும் மேற்சொன்ன கணக்கைப் போட்டிருந்தால் போதும். பெரும்போகத்தில் இலங்கையில் நெல் விளையும் பரப்பு 7 இலட்சம் ஹெக்டேருக்கும் மேல். ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜனை எருவாகத் தர 20 டன். ஆக ஒரு போகத்துக்கு மட்டும் 1 கோடியே 40 இலட்சம் டன் எரு. அதற்கான மாடுகள் எங்கே, அந்த மாடுகளுக்கான புல் எங்கே, அதனைச் சுமக்கும் வண்டிகள் எங்கே? பின்னர் சீனாவிலிருந்து கப்பலில் கரிம உரம் வரவழைக்கப்பட்டது. அதன் மாதிரியில் தீங்கான நுண்ணுயிர் உண்டென்று இலங்கைத் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவு கூறவே கப்பல் திரும்பியது. வழக்குக்குப் பின் 67 இலட்சம் டாலர் கொடுக்கவும் நேர்ந்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் விதைப்பு முடிந்துவிட்டது. அந்தப் பெரும்போகத்தின் நெல் விளைச்சல் முந்தையதைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வீழ்ந்தது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசி இறக்குமதி செய்தது. 2022 சனவரியில் அரசு நெல்லுழவர்க்கு 4,000 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு அறிவித்தது.

நெல்லைப் பற்றியேனும் உலகம் பேசியது. மலையகத்தைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. தேயிலை என்பது இலையை அறுவடை செய்யும் பயிர். கிள்ளிய கொழுந்து மீண்டும் துளிர்க்க வேண்டுமானால் நைட்ரஜன் இடைவிடாது வேண்டும். 2021-இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி, 2022-இல் ஏறத்தாழ 25.1 கோடி கிலோவாகச் சரிந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் அதில் பங்குகொண்டது உண்மை. ஆனால் உரமின்றி மெலிந்த செடியை எரிபொருள் துளிர்க்க வைத்திருக்காது. தடைக்குச் சற்று முன்னர்தான், 2021 மார்ச்சில், தோட்டத் தொழிலாளருக்கு நாட்கூலி 1,000 ரூபாய் என்று விதிக்கப்பட்டிருந்தது. பல தோட்டங்களில் அதனைப் பெறப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவும் உயர்த்தப்பட்டிருந்தது. செடி துளிர்க்காத மலையில் கூடை நிறையாது. கூடை நிறையாத நாளில் முழுக் கூலி இல்லை. இரு நூற்றாண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாய் அந்த மலையில் உழைக்கும் தமிழ்ப் பெண்கள், நைட்ரஜன் பற்றிய ஒரு கற்பிதத்துக்கு விலை கொடுத்தனர். ‘நஞ்சில்லா உணவு’ என்று கொழும்பில் கைதட்டியோர் எவரும் கொழுந்துக் கூடை சுமந்தவர் அல்லர்.

கேரளமும் இதற்கு மிகத் தொலைவில் நின்றதில்லை. 2010-இல் அறிவிக்கப்பட்ட மாநில இயற்கை வேளாண் கொள்கையும் பத்து ஆண்டுகள் என்றே கெடு வைத்தது. (பத்து என்ற எண்ணில் ஆட்சியாளருக்கு அப்படியொரு பற்று.) கெடு கடந்துபோயிற்று; கேரளம் முழுதும் இயற்கை வேளாண்மைக்கு மாறவில்லை; நல்லவேளையாக, எவரும் அதனை ஒரே நாளில் கட்டாயமாக்கவுமில்லை. இம்மாநிலத்தில் உரம் எவ்வாறு வந்தது என்பதும் மறக்கப்பட்ட கதை. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்று திருவிதாங்கூர் பட்டினியில் வாடிய காலத்தில், 1943-இல், பெரியாற்றங்கரையில் ஏலூரில் ஃபாக்ட் நிறுவனம் அமைந்தது. 1947-இல் அது அம்மோனியம் சல்பேட் உற்பத்தியைத் தொடங்கியபோது, அதற்கான வாயுவை விறகிலிருந்தே பெற்றது. பசியின் குழந்தை அது. ஏலூரின் தொழிற்சாலைகள் பெரியாற்றை என்ன செய்தன என்பது தனியே விசாரிக்க வேண்டிய வழக்கு. அந்த வழக்கில் அம்மோனியம் அயனி சாட்சிக்கூண்டில் ஏற வேண்டியதில்லை.

கேரள மண்ணின் நோய் வேறு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, கயோலினைட் களிமண், செம்புரைக்கல் நிலம். பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் மூன்றையும் மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது, மண் புளிக்கிறது, புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தீய்க்கிறது. மாநிலத் திட்டக்குழுவின் பெயரில் 2013-இல் வெளியான மண்வள ஆய்வு, இலட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து இதனை உறுதிசெய்தது. பெரும்பான்மை மண் அமிலம். பெரும்பான்மையில் மக்னீசியமும் போரானும் பற்றாக்குறை. பாஸ்பரஸோ தேவைக்கு மேல் குவிந்து கிடக்கிறது. ஆண்டாண்டாய் ஒரே கலப்பு உரத்தையும் எலும்புப்பொடியையும் பழக்கத்தால் அள்ளி இட்டதன் பலன் அது. இங்கே நோயாளி ஒருவர். தேவையான மருந்து சுண்ணாம்பு, மக்னீசியம், போரான், பொட்டாஷ். அவருக்குப் பாஸ்பரஸை மேன்மேலும் ஊட்டிவிட்டு, அது எலும்புப்பொடியாக வந்ததால் புண்ணியம் என்கிறது ஒரு கட்சி. ஃபாக்டம்பாஸாக வந்ததால் அறிவியல் என்கிறது மறுகட்சி. மக்னீசியத்தைப் பற்றி இரு கட்சிக்கும் கவலையில்லை. பச்சைய மூலக்கூறின் நடுவில் அமர்ந்திருக்கும் அணு அதுவே.

மறுகட்சி என்று சொல்லும்போது உர அமைச்சகத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2010 ஏப்ரலில் சத்தின் அடிப்படையிலான மானியத்தை அறிமுகப்படுத்திய ஒன்றிய அரசு, யூரியாவை அதற்கு வெளியே நிறுத்தியது. பாஸ்பேட்டும் பொட்டாஷும் விலையேற, யூரியா மட்டும் மலிவாகவே இருந்தது. 45 கிலோ மூட்டையின் விலை, வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய் என்ற அளவிலேயே பல ஆண்டுகளாக நிற்கிறது. உழவர் எதனை வாங்குவார்? பயிர் கேட்பதைக் காட்டிலும் பணப்பை தாங்குவதையே வாங்குவார். நைட்ரஜன் தனியே பெருகி, நைட்ரேட்டாக மாறும்போது அமிலத்தை விடுவித்து மண்ணைப் புளிக்கவைத்து, நைட்ரஸ் ஆக்சைடாக வானிலேறி, கிணற்றில் நைட்ரேட்டாக இறங்குகிறது. இவையெல்லாம் உண்மையான கேடுகள். அவற்றின் தாய் விலைக்கொள்கை; யூரியா மூலக்கூறு அவற்றின் கருவி மட்டுமே. 2021-இல் ஒரு பெரும் கூட்டுறவு நிறுவனத்தின் நானோ யூரியா வந்தது. 500 மில்லிலிட்டர் புட்டி ஒன்று 45 கிலோ மூட்டைக்கு ஈடு என்று விளம்பரம். அப்போது வெளிவந்த புட்டியில் 4 விழுக்காடு நைட்ரஜன், அதாவது 20 கிராம், மூட்டையில் 20.7 கிலோ. ஆயிரம் மடங்கு இடைவெளியை இலைவழித் தெளிப்பு என்ற ஒரு சொல்லால் நிரப்ப முயன்றனர். பயிரின் புரதத்திலிருக்கும் நைட்ரஜன் எங்கிருந்தேனும் வந்தே தீர வேண்டும் என்ற எளிய கணக்கு, பஞ்சகவ்வியக்காரர்க்கும் நானோக்காரர்க்கும் ஒருங்கே இடையூறாக இருக்கிறது.

‘இயற்கை’ என்ற முத்திரை தூய்மைக்கும் உறுதியளிக்காது. உரக் கட்டுப்பாட்டு ஆணையே கரிம உரத்துக்கு ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் என உச்சவரம்பு வைத்திருக்கிறது. நகரக் குப்பையிலிருந்து வரும் மட்கில் மின்கலமும் வண்ணப்பூச்சும் கலந்திருக்கும் என்பதை ஆணை எழுதியோர் அறிந்திருந்தனர். பாறைப் பாஸ்பேட்டிலும் காட்மியம் உண்டு. எந்த மூட்டையாயினும் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். குலங்கோத்திரம் கேட்டுச் சொல்லக் கூடாது. பிறப்பால் தூய்மை கற்பிக்கும் பழக்கத்தை எதிர்த்து நூறாண்டாக எழுதிவரும் தமிழ் அறிவுலகம், எருக்குழியில் மட்டும் அதனைத் தழுவிக்கொள்வது வேடிக்கை.

மொட்டைமாடித் தோட்டத்தாருக்கும் ஆய்வேடு எழுதுவோருக்கும் கழக்கூட்டத்திலிருந்து எட்டும் தொலைவில், நாலாஞ்சிறை அருகே பாறோட்டுகோணத்தில் அரசின் மண் ஆய்வகம் இருக்கிறது. நிலத்தில் பல இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழியெடுத்து, பக்கச்சுவரிலிருந்து சீராக மண் சீவி, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, மீண்டும் பகுத்து, அரைக் கிலோவாகும் வரை குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிக் கொடுக்க வேண்டும். அண்மையில் உரமிட்ட இடத்திலும், எருக்குழிக்கு அருகிலும், மரநிழலிலும் எடுக்கக் கூடாது.